கோட்டடியில் பிறந்த சிரிப்பு: சட்டத்தரணிகளின் நகைச்சுவை வழக்குக் கதைகள்

குற்ற வழக்குகளில் எதிரிக்காகத் தோன்றும் சட்டத்தரணி, தம் தொழிலிலிருந்தே கதை எடுத்து, அதை மர்மம் குறையாமலும் சிரிப்புக் குறையாமலும் எழுதுவது ஆங்கில இலக்கியத்தில் நூறாண்டு கண்ட ஒரு தனி வகை. துப்பறியும் கதைக்கு இது உறவுதான். ஆனால் கேள்வி வேறு. துப்பறியும் கதையில் கொலை செய்தவர் யார் என்று தெரிய வேண்டும். வழக்குக் கதையில், கூண்டில் நிற்பவர்தான் செய்தார் என்பதை அரசதரப்பு ஐயமற நிறுவுமா என்பதே சிக்கல். தன் மனைவியைச் சுட்ட துப்பாக்கி தவறி வெடித்தது என்ற இளம் பண்ணைத் தொழிலாளி வுல்மிங்டனின் வழக்கில், 1935இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு இதற்கு அடிக்கல். குற்றத்தை நிறுவும் சுமை அரசுடையது. எதிரி தன் குற்றமின்மையை நிறுவ வேண்டியதில்லை. பெரிய அதிகாரம் மாதக்கணக்கில் கட்டிய வழக்கு ஒரு சலவைச் சிட்டையாலோ ஒரு மணிக்கூட்டாலோ சரிந்துபோகலாம் என்ற நிலை இந்த விதியால் வருகிறது. மர்மத்துக்கும் சிரிப்புக்கும் ஒரே ஊற்று அதுதான்.

அமெரிக்கக் கிளை சட்டத்தின் ஓட்டைகளில் தொடங்கியது. மேற்கு வெர்ஜினியாவின் வழக்கறிஞர் மெல்வில் டேவிசன் போஸ்ட் 1896இல் ராண்டால்ஃப் மேசன் என்ற பாத்திரத்தைப் படைத்தார். குற்றம் செய்தும் தண்டனைக்கு எட்டாமல் நிற்பது எப்படி என்று கட்சிக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பவன் அவன். கதைகளில் சிரிப்பு அதிகமில்லை. சட்டத்தை ஒரு புதிராக வைத்து விளையாடலாம் என்ற வழி மட்டும் திறந்தது. அந்தப் புதிரில் மனிதமுகத்தை வைத்தவர் ஆர்தர் டிரெய்ன். நியூயோர்க்கில் வழக்குத் தொடுநராகப் பணியாற்றிய இவர், 1919 முதல் எஃப்ராயிம் டட் என்ற முதிய வழக்கறிஞரின் கதைகளை எழுதினார். ஏழைக் கட்சிக்காரருக்காக எழுத்துப் பிசகாத சட்டத்தைக் கொண்டே சட்டத்தை மடக்குபவர் டட். 1943இல் அவருடைய ‘சுயசரிதை’யையும் டிரெய்ன் வெளியிட்டபோது, டட் உண்மையிலேயே வாழ்கிறார் என்று நம்பிப் பலர் கடிதம் எழுதினார்கள். ஏமாற்றப்பட்டதாக ஒருவர் வழக்கே போட்டார். கற்பனை வழக்கறிஞர் ஒருவரால் உண்மை வழக்கு ஒன்று உண்டானதைவிட இந்த வகைக்கு வேறு நற்சான்று தேவையில்லை.

கலிபோர்னியாவில் சீனக் குடியேறிகளுக்காக வாதாடிய ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர், பெர்ரி மேசன் வரிசையால் (1933 முதல்) புகழ் பெற்றார். மேசன் விறுவிறுப்பானவர், சிரிப்பவர் அல்லர். கார்ட்னரின் நகைச்சுவை ஏ.ஏ. ஃபேர் என்ற புனைபெயரில் ஒளிந்திருந்தது. அந்த வரிசையின் முதல் நாவலில் (1939) வரும் டொனால்ட் லாம், கொலை செய்துவிட்டுச் சட்டப்படியே தப்ப வழி உண்டு என்று வாய்விட்டதால் தொழில் உரிமையை இழந்தவன்.

ஆங்கிலேயக் கிளை வேறு குணம் உடையது. ஏ.பி. ஹெர்பர்ட் ‘பஞ்ச்’ இதழில் எழுதிய போலித் தீர்ப்புகள் முதற்படி. பாரிஸ்டர் பட்டம் பெற்றும் தொழில் செய்யாதவர் அவர். வருமான வரியைச் செலுத்த ஒருவர் பசுமாட்டின் உடம்பிலேயே காசோலையை எழுதி ஓட்டிக்கொண்டு வந்தால் அது செல்லுமா என்ற அவருடைய கற்பனை வழக்கை, உண்மையில் நடந்தது என்று நம்பியவர்கள் பலர். நடை முழுவதும் நீதிபதியின் கனத்த நடை. பொருள் மட்டும் பைத்தியக்காரத்தனம். ஹென்றி சிசில் 1949 முதல் 1967 வரை மாவட்ட நீதிபதியாக இருந்தவர். 1955இல் வெளிவந்த அவருடைய நாவல், முதன்முதலாக அங்கி போட்ட இளைஞன் எழுந்து நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் தடுமாறுவதைச் சொல்கிறது. அதற்கு முன்பே, 1952இல், கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட நீதிபதி ஒருவரையும் கதைநாயகர் ஆக்கியிருந்தார். சிசிலின் சிரிப்பு இதமானது, யாரையும் குத்தாது. அதனால் ஆழமும் குறைவு.

இந்த வகையின் உச்சம் ஜோன் மோட்டிமர் (1923–2009). 1948இல் பாரிஸ்டர் ஆனார்; தந்தையைப் போல மணமுறிவு வழக்குகளில் தொடங்கி, பின்னர் குற்ற வழக்குகளுக்கும் எழுத்துரிமை வழக்குகளுக்கும் வந்தார். 1971இல் ‘ஓஸ்’ இதழ் ஆபாச வழக்கில் எதிரிகளுக்காக வாதாடியவர் அவரே. காலையில் எழுதிவிட்டு நீதிமன்றம் போவது அவர் வழக்கம். 1975இல் பிபிசி நாடகமாகவும், 1978 முதல் 1992 வரை தொலைக்காட்சித் தொடராகவும், கூடவே சிறுகதைத் தொகுதிகளாகவும் வெளிவந்த ஹொரஸ் ரம்போல் கதைகள் அப்படி உருவானவை.

ரம்போல் கிழவர், பருத்தவர், மலிவான வைனும் சுருட்டும் பழகியவர். அரசியின் வழக்குரைஞர் என்ற பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. வழக்குத் தொடுநராகத் தோன்ற மாட்டார். கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்வதையும் விரும்ப மாட்டார். தலைமுறை தலைமுறையாகச் சில்லறைத் திருட்டை நம்பி வாழும் டிம்சன் குடும்பம்தான் அவருடைய நிலையான வருமானம். நீதிமன்றத்தில் யாருக்கும் அடங்காதவர், வீட்டில் மனைவி ஹில்டாவுக்கு அடங்குவார். மோட்டிமரின் திறமை இந்தப் பாத்திரத்தோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கதையிலும் மூன்று சரடுகள் ஓடும்: கூண்டில் நிற்பவரின் வழக்கு, சட்டத்தரணிகள் அறையின் உட்சண்டை, வீட்டுப் பிரச்சினை. மூன்றும் ஒரே சிக்கலைத் தொடும். பொய் சொன்னதாக எதிரி கூண்டில் நிற்கும் வாரத்தில் அறையில் ஒருவர் கௌரவமாகப் பொய் சொல்வார். வீட்டில் ரம்போலே ஒரு பொய்யில் மாட்டியிருப்பார். யாருடைய பொய்க்குச் சிறை, யாருடைய பொய்க்குப் பதவி உயர்வு என்பதை வாசகரே கணக்குப் பார்த்துக்கொள்வார். ரம்போல் எல்லா வழக்கிலும் வெல்வதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தோல்வி இல்லாத வழக்கறிஞர் கதையில் மர்மம் இருக்க முடியாது.

தமிழில் இந்த மரபு வினோதமான முறையில் அமைந்தது. தமிழ் நாவலே கோட்டுப் படியில்தான் பிறந்தது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். வக்கீல்கள் தாய்மொழி தெரிந்த கட்சிக்காரருக்காக ஆங்கிலத்தில் வாதாடும் கேலிக்கூத்தை அந்த நூலிலேயே அவர் கண்டிக்கிறார். ஆறு ஆண்டுகள் கழித்து ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று கொள்ளப்படும் ‘அசன்பேயுடைய கதை’ (1885) வந்தது. கண்டியில் பிரக்கிராசியாகச் சட்டத் தொழில் செய்த சித்திலெவ்வை அதன் ஆசிரியர். களவாடப்பட்ட குழந்தை, மறைந்த பிறப்பு, நாடு நாடாக நீளும் தேடல் என்று மர்மக் கதையின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது. முன்சீப்பிடம் சிரிப்பும் பிரக்கிராசியிடம் மர்மமும் இருந்தன. இரண்டையும் ஒரே கைக்குக் கொண்டுவந்து நீதிமன்றத்துக்குள் வைத்தவர் அந்தத் தலைமுறையில் இல்லை.

அடுத்த தலைமுறையில் தொழில் செய்த இரு வக்கீல்கள் தமிழ் நகைச்சுவையின் முன்வரிசைக்கு வந்தார்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீலாக இருந்து, பின்னர் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார். முட்டாள் வேலைக்காரனின் ‘சபாபதி’ அவருடைய கேலி நாடகங்களில் புகழ் மிக்கது. 1941இல் படமாகவும் வந்தது. நாடகமாடுவது இழிதொழில் என்று எண்ணிய காலத்தில், கறுப்பு அங்கிக்காரரே வேடம் கட்டியது மேடைக்கு மதிப்பைத் தேடித்தந்தது. அந்த மதிப்பு கடல் தாண்டியும் வந்தது: யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் தம் குருவாக ஏற்றவர் பம்மல். திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்த எஸ்.வி.வி. (எஸ்.வி. விஜயராகவாச்சாரியார்) முதலில் ஆங்கிலத்தில் ‘இந்து’வில் எழுதி, 1933 முதல் ‘ஆனந்த விகட’னில் தமிழுக்கு வந்தார். ‘உல்லாஸ வேளை’, ‘ராமமூர்த்தி’, ‘புது மாட்டுப்பெண்’ முதலியவற்றின் நடையில் குறுக்கு விசாரணைக்காரரின் காது தெரிகிறது. மனிதர் சொல்வதற்கும் நினைப்பதற்கும் உள்ள இடைவெளியைப் பிடிக்கும் காது அது. ஆனால் எஸ்.வி.வி. அந்தக் காதைப் பெரும்பாலும் மாமியார், மருமகள், சம்பந்திகள் மீதே வைத்தார். பகல் முழுதும் பார்த்த நீதிமன்றத்தை எழுத்தில் ஏறக்குறைய விட்டுவிட்டார்.

நீதிமன்றத்தை எழுதியவர்கள் வெளியாட்கள். ‘துப்பறியும் சாம்பு’வைப் படைத்த தேவன் (1913–1957) பத்திரிகையாளர். அவருடைய ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ ஒரு கொலை வழக்கின் விசாரணையையே நாவலாக்குகிறது. சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு என்ற முறைமையைக் குலைக்காமல் அதற்குள்ளேயே சிரிப்பை எடுத்த வகையில், தமிழில் இந்த வகையின் அளவுகோலாக நிற்பது அதுவே. சுஜாதா பொறியியலாளர், அவருடைய கணேஷ், வசந்த் இருவரும் வக்கீல்கள். வசந்தின் வாய்த்துடுக்கும் கணேஷின் நிதானமும் சேர்ந்து தமிழ்க் குற்றக் கதைக்குச் சிரிப்பை நிரந்தரமாக்கின. ஆயினும் அந்த இரட்டையர் வாதாடுவதைவிடத் துப்பறிவதே அதிகம். வக்கீல் என்பது அவர்களுக்கு நுழைவுச் சீட்டு. வக்கீலாகவே இருந்து மேடைக்கு வந்த சோ ராமசாமி (1934–2016) அரசியல் நையாண்டிக்குப் போனார்; ‘முகமது பின் துக்ளக்’ 1968இல் மேடையேறியது. வாதப் பிரதிவாதத்தின் வேகம் அவருடைய உரையாடல் முழுவதும் உண்டு. வழக்கின் கட்டுக்கோப்பு குறைவு.

ஈழத்தில் இந்தச் சிரிப்பு ஏட்டில் ஏறாமல் வாய்ப்பேச்சில் தங்கியது. மூலப்பொருளுக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று அது வகுத்த பாகுபாடுகளும், பங்காளிக்கே காணியை முதலில் விற்க வேண்டும் என்ற உரிமையும் தலைமுறைக்கு ஒரு வழக்கைத் தந்தன. இரவோடிரவாக ஒரு முழம் நகரும் வேலிக் கதியால், பங்குக் கிணறு, எல்லைப் பனை என்று தொடங்கும் சிவில் தகராறு வாய்த்தர்க்கமாகி, கைகலப்பாகி, குற்ற வழக்காக நீதவான் முன் வரும். தீவுப்பகுதியின் நாரந்தனைக்காரருக்கு அந்தப் படி ஊர்காவற்றுறைக் கோடு. வழக்குப் பெருத்தால் யாழ்ப்பாணம்.

பழைய கோட்டில் நாடகப் பாத்திரங்களும் ஆயத்தமாகவே இருந்தன. 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக்கும்வரை தொழில் இரண்டாகப் பிரிந்திருந்தது: கட்சிக்காரரைப் பார்ப்பவர் பிரக்கிராசி, பெரிய கோட்டில் எழுந்து பேசுபவர் அப்புக்காத்து. இருவருக்கும் இடையில் தரகர். கூண்டடியில் கோட்டு முதலியார் என்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொல்வார். கேட்ட அப்புக்காத்துவுக்கும் தமிழ் தெரியும், பல வேளை நீதிபதிக்கும் தெரியும். ஆனாலும் முதலியார் ஆங்கிலத்தில் சொல்லும்வரை ஒருவரும் கேட்காதவர் போல் இருக்க வேண்டும். அந்த இடைநேரத்தில் சாட்சி அடுத்த பதிலை யோசித்துவிடுவார். வேதநாயகர் கண்டித்தது இதைத்தான். கதைக்காரருக்கு இது தங்கச் சுரங்கம். ஏழு யூரர் கொண்ட விசாரணைகளும் அப்படியே.

இத்தனை இருந்தும், மோட்டிமர் போன்ற ஒருவரின் நூல்வரிசை இங்கே நிலைபெறாததற்குச் சிறிய சமூகம் ஒரு காரணம். இலண்டனில் ஒரு டிம்சன் குடும்பத்தைக் கற்பனை செய்தால் யாரும் தம்மைத் தேடிப் பார்ப்பதில்லை. தீவுப்பகுதியில் ஒரு கதையில் ஒற்றைப் பனையும் உப்புக் கிணறும் வந்தாலே எந்த வளவு, எந்த ஆண்டு வழக்கு என்று ஊர் சொல்லிவிடும். கட்சிக்காரரின் இரகசியம் காப்பது தொழிற் கடமை. அதனால் கோட்டுக் கதைகள் சட்டத்தரணிகளின் ஓய்வறையிலும், செத்த வீட்டு விறாந்தையிலும், கலியாண வீட்டுப் பந்தலிலும் பெயர் மாற்றிச் சொல்லப்பட்டன. அச்சில் அதற்கு அருகே வந்தது சட்டம் படிக்காத ஒருவரின் பணி: சிவஞானசுந்தரம் 1963இல் தொடங்கிய ‘சிரித்திரன்’ இதழ். அதன் பாத்திரங்களான சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் வழக்குப் பேசும் யாழ்ப்பாணத்தானின் குரலைக் கேலிச்சித்திரத்தில் நிறுத்தினார்கள். போர்க்காலத்தின் பின் நீதிமன்றம் என்றால் காணாமற்போனோர் மனுவும் தடுப்புக்காவலும் நினைவுக்கு வரும் நிலை ஏற்பட்டது. அங்கே நகைச்சுவை வாய் திறக்கத் தயங்குவது இயல்பே.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் இந்த வகைக்குச் சில தராதரங்கள் தெளிவாகின்றன. முதலாவது, சட்டம் சரியாக இருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும் சாட்சி திரைப்படத்துக்குப் போதும். தொழில் தெரிந்தவர் எழுதும் கதையில் அந்தச் சாட்சி ஏன் பட்டியலில் இல்லை என்று எதிர்த்தரப்பு எழும்ப வேண்டும். ஹெர்பர்ட்டின் பசுக் காசோலை இன்றும் சிரிக்கவைப்பது, அதிலுள்ள காசோலைச் சட்டம் பிசகில்லாமல் இருப்பதால். சிரிப்பு முறைமையிலிருந்து எழ வேண்டும் என்பது இரண்டாவது. சாட்சியின் ஊர்ப்பேச்சை, சாதியை, உடற்குறையை வைத்துச் சிரிப்பூட்டுவது மலிவு. தமிழ் மேடைக் கோட்டுக் காட்சிகளில் பாதி இதில் விழுந்தன. குறுக்கு விசாரணை எழுதுவது எல்லாவற்றிலும் கடினம். விடை தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது தொழிலின் பாலபாடம். அந்தக் கட்டுப்பாட்டோடு, கேள்விக்கு மேல் கேள்வியாகச் சாட்சியை அவர் சொன்னதாலேயே கட்டிப்போட்டு, வாசகருக்கு ஒரு கணம் முன்னதாகவே சிரிப்பு வரச் செய்ய வேண்டும். தேவனுக்கு இது வாய்த்தது, மோட்டிமருக்குப் பழக்கமே ஆனது. சோவிடம் பதில்கள் கேள்வியை முந்திவிடுகின்றன.

இறந்தவரின் இடம் கடைசியாகச் சொல்ல வேண்டியது. கொலை வழக்கில் ஒரு பிணம் இருக்கிறது, அதற்கு ஒரு வீடும் இருக்கிறது. ரம்போல் கதைகளில் சிரிப்பு நீதிபதியையும் நிபுணரையும் சக சட்டத்தரணிகளையும் சுற்றி வரும். இறந்தவரின் தாய் சாட்சிக் கூண்டில் ஏறும்போது கேள்விகள் குறைந்து, குரலும் தணியும்.