வரிசையும் வாசலும்: சிறுநீரக மாற்றுச் சிகிச்சையிற் சமத்துவம் பற்றிய ஒரு நோக்கு

உறுப்பு மாற்றுச் சிகிச்சையை விஞ்ஞானத்தின் சாதனையாகப் போற்றுகின்றோம். அதன் பயன் யாரைச் சென்றடைகின்றது என்ற வினாவோ சுகாதாரக் கொள்கையைச் சார்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

அங்கு 1984 ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடைசெய்து, நாடு முழுவதற்கும் பொதுவான காத்திருப்புப் பதிவேட்டுக்கு வழிவகுத்தது. பணம் படைத்தவன் விலைகொடுத்து முந்த முடியாத வரிசை என்ற அளவில் அது வரவேற்கத்தக்கதே. ஆயின், வரிசையிற் சேரும் தகுதி அளக்கப்பட்ட முறையை நோக்குமிடத்துக் குறை புலனாகின்றது. குருதிச் சுத்திகரிப்பை இன்னும் தொடங்காத நோயாளருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றல் நிமிடத்துக்கு 20 மில்லிலீற்றர் அளவுக்கேனும் இறங்கிய பின்னரே காத்திருப்புக் காலம் கணக்கிடப்படும். 2009 இல் வெளிவந்து பரவலாகக் கையாளப்பட்ட சூத்திரமோ கறுப்பினத்தவரின் பெறுபேற்றை 1.159 ஆற் பெருக்கியது. வயது, பால், குருதிப் பரிசோதனை முடிவு யாவும் ஒத்த இருவருள் ஒருவருக்கு 18 என்றால், கறுப்பினத்தவரான மற்றவருக்கு ஏறத்தாழ 21. முன்னவர் வரிசையில் நிற்பார். பின்னவர் வெளியே நிற்பார். பாரபட்சம் இங்கு கணிதத்தின் உடையணிந்து வந்தது.

2021 இல் இனக்கூறு நீக்கிய சூத்திரம் வெளியாயிற்று. 2022 இற் பழைய முறை பதிவேட்டு விதிகளில் தடைசெய்யப்பட்டது. 2023 ஜனவரி முதல், இழந்த காலத்தைக் கறுப்பின நோயாளருக்கு மீள வழங்குமாறு வைத்தியசாலைகள் பணிக்கப்பட்டன. தவற்றை ஒப்புக்கொள்வதோடு அமையாது, பறித்ததைத் திருப்பிக் கொடுத்த கொள்கை என்பதே இதன் சிறப்பு.

எனினும், இதன் பயன் பதிவேட்டில் இடம்பெற்றவர்க்கே உரியது. குருதிச் சுத்திகரிப்புத் தொடங்கிய நாளிலிருந்து காத்திருப்பைக் கணக்கிடும் 2014 ஆம் ஆண்டு மாற்றமும் அத்தகையதே. வைத்தியரால் ஒருபோதும் பரிந்துரைக்கப்படாதவன், தூரத்து வைத்தியசாலைக்குச் செல்ல வழியற்றவன், சிகிச்சையின் பின் பராமரிக்க ஆளற்றவன் ஆகியோர் எந்தக் கணக்கிலும் இல்லை. மாற்றுச் சிகிச்சை பெற்ற பலருக்கு அரச காப்புறுதி 36 மாதங்களுடன் முடிவடைந்தது; வேறு காப்புறுதியற்றோர்க்கு மருந்துக்கான தொடர் காப்புறுதி 2023 இலேயே கிடைத்தது. மருந்து வாங்க இயலாதவனிடம் சிறுநீரகம் நிலைக்காது என அஞ்சிய வைத்தியசாலை அவனைச் சேர்க்கத் தயங்கினால், குற்றம் அதனுடையது மட்டுமா?

ஒழுங்கான வரிசை ஒன்றே நீதியாகிவிடாது. வரிசையில் நிற்போரை மட்டும் எண்ணும் கொள்கை, வாசலுக்கே வராதவரையும் எண்ணத் தொடங்குதல் வேண்டும். எத்தனை நோயாளர் பரிந்துரைக்கப்பட்டனர், அவருள் எத்தனைபேர் எக்காரணத்தால் விலக்கப்பட்டனர் என்பதை ஒவ்வொரு வைத்தியசாலையும் வெளிப்படுத்தும்போதே சமத்துவம் சோதனைக்குரிய உண்மையாகும்.