நாடோடியும் மன்னனும்: இயக்குநர் எம்.ஜி.ஆர்.

பாலக்காட்டில் எம்.ஜி.ஆர். பேச்சை எடுத்தால் ஒரு வழக்கு கிளம்பிவிடும். "அவர் எங்க வடவன்னூர்க்காரர்" என்பார் மலையாள நண்பர். "எங்க ஊரை ஆண்டவரய்யா!" என்போம் நாம். அவருடைய குடும்ப வீடும் வடவன்னூரில் நினைவில்லமாக நிற்கிறது. ஆனால் நடிகரைப் பற்றியும் முதல்வரைப் பற்றியும் பேசுகிற இரு தரப்பாரும் இயக்குநரைப் பற்றிப் பேசுவதே இல்லை. இந்த வழக்குக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1917இல் கண்டியில் பிறந்து, தந்தையை இழந்து, தாயுடன் கும்பகோணம் வந்த பிள்ளை அவர். சிறு வயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி மேடை. 1936இல் 'சதி லீலாவதி'யில் சிறு வேஷம். 1947இல் 'ராஜகுமாரி'யில்தான் கதாநாயகன். திரைக்கு வந்து 22 ஆண்டு கழித்து, 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்ன'னைச் சொந்தப் படக்கம்பெனிக்காகத் தானே இயக்கினார்.

அது 'ஜெண்டா கைதி' என்ற ஆங்கிலக் கதையின் தழுவல் என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். சற்று நின்று பார்க்கணும். ஆங்கிலக் கதையில் அரசனுக்குப் பதிலாக அமர்பவன் அவனுக்குத் தூரத்து உறவுக்காரன். அரசனின் ஆட்சியைக் காப்பதே அவன் வேலை. இங்கே அமரும் வீராங்கனோ மன்னராட்சியையே எதிர்க்கும் புரட்சிக்காரன். சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் ஏழைகளுக்காகச் சட்டம் போடுகிறான்.

நம் சீவகசிந்தாமணியை நினைத்துப் பாருங்கள். சுடுகாட்டில் பிறந்து, வணிகன் வீட்டில் வளர்ந்து, ஊர் ஊராய் அலைந்தாலும் சீவகன் பிறப்பால் அரசகுமாரன். அதனால்தான் நாடு அவனுக்குத் திரும்புகிறது. வீராங்கனுக்கு அந்தப் பிறப்புரிமை கிடையாது. செயல் ஒன்றே அவன் தகுதி. பழைய அச்சை உடைத்த இடம் இதுதான்.

குறையும் உண்டு. படம் மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. பானுமதியின் அருமையான பாத்திரம் பாதியிலேயே இறந்துவிடுகிறது. பிறகு வண்ணத்தில் வரும் கன்னித்தீவுப் பகுதியில், ஒளித்து வளர்க்கப்பட்ட இளவரசியாக சரோஜாதேவி வருகிறார். உடைத்த அச்சையே இயக்குநர் மறுபடி ஒட்டவைக்கிறார்!

1973இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிப'னில் ஜப்பானும் எக்ஸ்போ 70 கண்காட்சியும் கண்ணைப் பறிக்கின்றன. கதை பின்னால் போய்விடுகிறது. அகிலனின் 'கயல்விழி'யைத் தழுவி 1978 பொங்கலுக்கு வந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' முழுக்க அரசகுமாரன் கதை. அப்போது அவரே முதல்வர். நாடோடியில் தொடங்கிய இயக்குநர் மன்னனில் முடிந்தார். கைத்திறம் குறையவில்லை, கேட்க வேண்டிய கேள்விதான் தீர்ந்துபோயிற்று.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது பாலக்காடும், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களும் கேரளத்தில் சேர்ந்தன. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 'நாடோடி மன்னன்' வந்தது. ஆளத் தகுதி பிறப்பிலா, செயலிலா என்று அந்தப் படம் கேட்டது. மூணாறுத் தோட்டத் தொழிலாளிக்கும் பாலக்காட்டுக் கடைக்காரனுக்கும் அது வெறும் சினிமாக் கேள்வி அல்ல. எந்த மண்ணில் பிறந்தாய் என்று கேட்டுக் கேட்டே நம்மை அளக்கிறார்கள். அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு எம்.ஜி.ஆர். யாருடைய ஆள் என்று நாமே சண்டை போடலாமா? அவருடைய முதல் படத்தை இன்னொரு முறை பாருங்கள். தீர்ப்பு அதிலேயே இருக்கிறது.