மூன்று காலம்

ஒரகடம் கார் ஆலைகளில் உற்பத்தியைக் கூட்ட கன்வேயரை முடுக்குவார்கள். வயலினில் சரளி வரிசை சாதகம் செய்கிறவரோ வேகத்தைக் கூட்டத் தாளத்தைத் தொடுவதே இல்லை. ஆதி தாளத்தின் 8 அட்சரமும் அப்படியே நடக்க, ஓர் ஆவர்த்தனத்துக்கு முதல் காலத்தில் 8 ஸ்வரம், இரண்டாவதில் 16, மூன்றாவதில் 32. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்த முறையைவிட நேர்மையான வேகப் பயிற்சியை நான் அறியேன். இந்த வரிசைகளை வாசிக்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் ரி-க்கும் க-வுக்கும் இடைவெளி அதிகம். விரல் தடுமாறினால் உடனே காதில் விழுந்துவிடும்.

ஜண்டை வரிசை இன்னும் கடினம். ஸஸ ரிரி என்று வரும்போது இரண்டாவது ஸ்வரத்துக்குத்தான் அழுத்தம். மூன்றாம் காலத்தில் அது மழுங்கினால் மறுபடி முதல் காலம்தான். ஷிப்டு முடிந்து ஸ்ரீபெரும்புதூர் வாடகை அறையில் அரைமணி நேரமே கிடைத்தாலும், பெரும்பகுதியை முதல் காலத்துக்கே கொடுங்கள்.