தேசப்படமும் வாயிலும்

நிலத்தை வரைதல் வேறு. நிலத்திற் செல்லும் வழியை வரைதல் வேறு. முன்னையது இடத்தைக் காட்டுவதோடு அமையும். பின்னையது செல்வார் யாவர் என்பதையுங் கருதல் வேண்டும். இக்காலத்துக் கணினித் தேசப்படங்கள் தம்மை வழிகாட்டி எனக் கூறிக்கொள்வனவாதலின், இவ்வளவை கொண்டே அவற்றை மதிப்பிடுதல் தகும்.

புளியங்கூடலிலிருந்து மருத்துவத்தின்பொருட்டுச் சென்னை செல்லும் முதியவர் ஒருவரைக் கொள்வோம். அவர் சக்கர நாற்காலியிற் செல்பவர். அண்ணா சாலையின்கீழுள்ள சுரங்க இரயில் நிலையமொன்றைப் படத்தில் நோக்குகின்றார். சக்கர நாற்காலிக்கு ஏற்றது என்றிருக்கின்றது. கூற்றுப் பொய்யன்று. ஆயின் நிலையத்துக்கு வாயில்கள் பல. மின்தூக்கி எல்லாவற்றிலும் இல்லை. படிக்கட்டு மட்டுமுள்ள வாயிலில் இறக்கிவிடப்பட்டாராயின், வாகனம் ஓயாத அப்பெருஞ்சாலையைக் கடந்தன்றோ மின்தூக்கியுள்ள வாயிலை அவர் அடைதல் வேண்டும்? நடப்பவனுக்குச் சிறு தாமதமாவது அவருக்கு உயிரச்சமாகின்றது. நிலையம் முழுவதையும் ஒரு புள்ளியாகக் கொண்டமையே இவ்விடரின் வேர்.

2004 இல் இங்கிலாந்திற் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மாப் யாவருந் திருத்தத்தக்க தேசப்படம். அதிற் சுரங்க இரயில் வாயில் ஒவ்வொன்றையுந் தனிப்புள்ளியாக இட்டு, சக்கர நாற்காலிக்கு ஆம், இல்லை, ஓரளவு எனக் குறிக்கலாம். 2010 இற் பேர்லினிற் தோன்றிய வீல்மாப் இக்குறிப்புக்களைத் தெருவிளக்குச் சைகையின் முந்நிறம் போலக் காட்டுகின்றது. முறை நன்றே. இடறுவது 'ஓரளவு' என்னுஞ் சொல். வாசலில் 7 சதமமீற்றருக்கு மேற்படாத ஒரு படி இருப்பின் அஃது ஓரளவு ஏற்றது என்பது வீல்மாப்பின் வரையறை. துணைவர் உடன்வரின் அது படியே அன்று; தனித்து வருவார்க்கு அது மதில். மின்கலத்தால் இயங்கும் பாரமான நாற்காலியோ துணைவராலுந் தூக்கற்கரிது. ஆதலின் தீர்ப்பை எழுதுதலினும் அளவை எழுதுதல் சிறந்தது. மின்தூக்கி பழுதுற்ற நாளிலும் பழைய குறிப்பு 'ஆம்' என்றே நிற்கும் என்பதும் மறக்கற்பாலதன்று.

இலங்கையிற் சுரங்க இரயில் இல்லை. வலுவிழந்தோர் உரிமைக்கு 1996 இற் சட்டமும், கட்டடங்களை அவர் அணுகுதற்கு 2006 இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. எனினும் வாயிற் சிக்கல் ஈண்டும் உண்டு. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு செல்லும் வழி தேசப்படத்திற் கடல்மீது ஒரு கோடு. துறைமேடைக்கும் அலையோடு ஏறியிறங்கும் படகுக்கும் இடைப்பட்ட வெளியை அக்கோடு கூறாது. மேடையின் உயரம் எவ்வளவு, படிகள் எத்தனை, பற்றுதற்குக் கைபிடி உண்டா என்பன புளியங்கூடல் மாணவர் சிலர் அளவுநாடாவுடன் சென்று ஒரு பிற்பகலில் அறிந்து, அன்றிரவே படத்திற் பதியக்கூடியன.