யமகுச்சியில் அழுதவர்கள்

கோவாவுக்குப் போகும் நம்மவர்கள் பொம் ஜீசஸ் தேவாலயத்தில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் இருக்கும் பேழையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊர் ஊராய் நடந்தவர், ஜபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்தவர் என்ற அளவில் அவரை நமக்குத் தெரியும். அவருடைய கடிதங்களைப் படித்தவர்கள் குறைவு. அவற்றுள் ஒன்றை, 1552 ஜனவரி 29-இல் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் சபையாருக்கு எழுதியதை, அன்பர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

1549 ஆகஸ்டில் ககோஷிமாவில் இறங்கி, 1551 வரை ஜப்பானில் பெற்ற அனுபவம் அதில் இருக்கிறது. யமகுச்சி ஊரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவரைக் கேட்கிறார்கள்: இந்த வழி தெரியாமலே செத்துப்போன எங்கள் அப்பா அம்மா, பிள்ளைகள் கதி என்ன? ஜபம் செய்து, தருமம் கொடுத்து மீட்க முடியாதா? சவேரியார் ஒளிக்காமல் சொல்கிறார், நரகத்தில் விழுந்தவர்க்கு மீட்சி கிடையாது. அவர்கள் அழுகிறார்கள். கத்தோலிக்கத்தில் இறந்தவர்க்கு ஜபம் உண்டுதான். ஆனால் அது உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பவர்க்கே பயன்படும்.

கேள்வி எங்கிருந்து வந்தது பாருங்கள். நரகத்தில் இருப்பவரையும் தங்களால் மீட்க முடியும் என்று ஜப்பானிய பிக்குகள் சொல்லிவந்ததைச் சவேரியாரே எழுதுகிறார், பணம் பறிக்கும் புரட்டு என்று கண்டிக்கவும் செய்கிறார். புரட்டோ என்னவோ, செத்த தகப்பனுக்காகப் பிள்ளை செய்ய ஒரு காரியம் இருந்தது. மதம் மாறியதும் அது கைநழுவிப் போயிற்று.

இந்தத் துக்கத்திலும் ஒரு நன்மை உண்டு, தங்கள் ஆன்மாவைக் காத்துக்கொள்வதில் அவர்கள் இன்னும் முனைவார்கள் என்கிறார் சவேரியார். இந்த இடம் எனக்கு ஒப்பவில்லை. அப்பனுக்காக அழுகிறவனிடம் நீயாவது தப்பித்துக்கொள் என்றால் அவனுக்கு ஆறுமா? ஆனால் அடுத்தாற்போலவே, இவர்கள் படும் வேதனையைக் கண்டு தமக்கும் கண்ணீரை அடக்குவது கஷ்டமாக இருக்கிறது என்று எழுதிவிடுகிறார். ஊருக்கு அனுப்பும் கடிதத்தில் இதை விட்டிருக்கலாம். விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் வரும்வரை உங்கள் கடவுள் எங்களுக்கு ஏன் தம்மைக் காட்டவில்லை என்றும் யமகுச்சிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்குச் சவேரியார், மலைக்காட்டில் எழுத்தறியாமல் வளர்ந்தவனைக் கேளுங்கள், கொலையும் களவும் பாவம் என்று அவனுக்கும் தெரியும். கடவுள் சட்டத்தை எல்லார் மனத்திலும் முன்பே எழுதிவிட்டார் என்கிறார். நல்ல பதில். அப்படியானால் அந்தச் சட்டப்படியே நடந்து செத்த தகப்பன் எங்கே போவான்? சவேரியார் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. 1442-இல் பிளாரன்ஸ் சங்கம் திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்று கடுமையாக அறிவித்திருந்த காலம் அது.

நான் சமணன். எங்கள் நூல்களில் ஏழாம் நரகத்துக்கும் ஆயுள் முடிவு உண்டு, மீண்டு வேறு பிறவி எடுக்கலாம். ஆனால் என் பேரேட்டு வரவை என் தகப்பனார் பற்றில் எழுத வழியில்லை. அவரவர் வினை அவரவர்க்கே. என்றுமே வீடடையாத அபவ்விய உயிர்களும் உண்டு என்கிறோம். ஆகவே யமகுச்சிக்காரர் எங்களிடம் வந்து கேட்டிருந்தாலும் முழு ஆறுதல் கிடைத்திருக்காது. ஒரே வேறுபாடு, இன்னார் அபவ்வியர் என்று கேவலஞானி தவிர வேறு யாரும் சொல்லக்கூடாது. எனக்கு அந்த வாய்க்கட்டு பிடித்திருக்கிறது.

ரோமாபுரி பிற்காலத்தில் அந்தப் படியில் கால் வைத்தது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'லூமென் ஜென்சியும்' ஆவணம், 16-ஆம் பிரிவில், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல் மனசாட்சி வழி நடப்பவரும் மீட்படையக்கூடும் என்றது. செத்தவர் விஷயம் ஒருவாறு தீர்ந்தது. ஆனால் இன்று மதம் மாறிய பெண்ணின் அப்பா உயிரோடு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாம் கேட்டுவிட்டு "எனக்கு வேண்டாம்மா" என்கிறார். திருச்சபை அவசியம் என்று அறிந்தும் மறுப்பவர்க்கு மீட்பில்லை என்று அதே ஆவணத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. காதால் கேட்டது அறிந்ததாகுமா என்பதில்தான் அந்தப் பெண்ணின் கவலை முழுதும் தொங்குகிறது.