முதலாளியை மறுத்துப் பேசும் டெவலப்பர்கள்

2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் ஈலான் மஸ்க்கின் கைக்கு வந்தது. மாதம் 8 டாலர் கட்டினால் யாருக்கும் நீல டிக் என்றார். ஆளைச் சரிபார்க்காமல் டிக் விற்றால் மோசடிக்காரர்கள் தயங்காமல் காசு கட்டுவார்கள் என்று உள்ளேயிருந்த பாதுகாப்புக் குழு ஏழு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. நவம்பர் 9 அன்று திட்டம் வெளியானது. மறுநாளே எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கணக்கு, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தது. அசல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. திட்டம் நிறுத்தப்பட்டு, டிசம்பரில் தொலைபேசி எண் சரிபார்ப்போடு திரும்பி வந்தது.

யாருக்கு, எந்த வழியில், என்ன கேடு வரும் என்று சொன்னதுதான் அந்த எதிர்ப்பின் பலம். அது எடுபடாததற்கு எழுதியவர்களைக் குறைசொல்ல முடியாது. திட்டம் வெளியாவதற்குச் சில நாள் முன்புதான் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அதே நவம்பரில், முகப்பைக் காட்டவே செயலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை அனுப்புவதால்தான் ட்விட்டர் மந்தமாக இருக்கிறது என்று மஸ்க் எழுதினார். ஆண்ட்ராய்டு செயலியில் ஆண்டுக்கணக்கில் வேலைசெய்த பொறியாளர் ஒருவர், அது தவறு என்று அங்கேயே மறுத்தார். அவருக்கு வேலை போனது. அதையும் மஸ்க் ட்வீட்டில்தான் அறிவித்தார். நாலு பேர் முன்னால் முதலாளியை மறுக்கலாமா என்பார்கள். நாலு பேர் முன்னால் பேச்சைத் தொடங்கியவர் முதலாளிதானே!

ஆனால் டெவலப்பர் சொல்வதெல்லாம் வேதமல்ல. 1998இல் நெட்ஸ்கேப் பிரவுசரின் பழைய நிரலை ஒட்டுப்போட்டுக் காலந்தள்ள முடியாது, புது எஞ்சினை வைத்துத் திருப்பிக் கட்டுவோம் என்று பொறியாளர்கள் வாதிட்டு வென்றார்கள். ஐந்தாம் பதிப்பு வரவேயில்லை. ஆறாவது 2000 நவம்பரில் வந்தது. அதற்குள் சந்தை மைக்ரோசாஃப்டிடம் போய்விட்டது. விண்டோஸோடு தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரை அது இலவசமாகக் கொடுத்ததும் காரணம்தான். இருந்தாலும் இரண்டு ஆண்டு வெறுங்கடையைத் திறந்துவைத்து எந்தப் போட்டியைச் சமாளிப்பது? அந்த எஞ்சின் பின்னாளில் ஃபயர்பாக்ஸில் நன்றாகவே ஓடியது. பொறியியலில் ஜெயித்து வியாபாரத்தில் தோற்ற வாதம் அது.

பயனாளிக்கு வரும் நஷ்டமும் பழைய கோடின் மீதுள்ள அருவருப்பும் மீட்டிங்கில் ஒரே குரலில்தான் வெளிவருகின்றன. "டெக்னிக்கல் டெட் ஏறிப்போச்சு சார்" என்றால் மேனேஜர் தலையாட்டிவிட்டு ரிலீஸ் தேதியைக் கேட்பார். இந்தத் தேதியில் விட்டால் இத்தனை பேருக்குப் பணம் இரண்டு முறை கழியும் என்றால் தேதியைத் தள்ளிவைப்பது பற்றியாவது பேசுவார். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வருகிற டெவலப்பர்கள்தான் குறைவு.