கூண்டேறாத சாட்சி

'கூட்டு மனசாட்சி' என்ற சொல்லை மனித உரிமை நண்பர்களும் விமர்சனமில்லாமல் புழங்கி வருகிறார்கள். நீதிமன்றம் மக்கள் மனசாட்சியைத் தப்பாகக் கணித்துவிட்டது என்பது அவர்கள் குறை. கணிப்பு அல்ல, அந்தச் சொல்லே சிக்கல் என்பது என் கட்சி.

1893இல் எமில் துர்க்கைம் இதைச் சமூகவியல் கருத்தாக்கமாக வைத்தார். பொதுமனதைப் புண்படுத்துவதால்தான் ஒரு செயல் குற்றமாகிறது என்றார். அது விவரிப்பு. 1983இல் மச்சி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே தூக்குக்கான அளவுகோலாக்கியது. சமூகத்தின் மனசாட்சி அதிர்ந்துபோய்த் தூக்கை எதிர்பார்க்கும் வழக்குகள் எவையெவை என்று வகை பிரித்தது. (துர்க்கைமைப் படித்துத்தான் எழுதினார்களா என்பது வேறு விஷயம்.) நீதிபதிகள் பொதுஜன அபிப்பிராயத்தின் ஊதுகுழலாகக் கூடாது என்று 1980இல், பச்சன் சிங் வழக்கில், எச்சரித்ததும் இதே நீதிமன்றம்தான். 2005இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குருவின் தூக்கை உறுதிசெய்தபோது, சமூகத்தின் மனசாட்சி திருப்தியடைய அதுதான் வழி என்றது. 2013 பிப்ரவரி 9 அன்று தூக்கிலிட்டார்கள்.

தமிழில் இது மனதின் 'சாட்சி'. சரி, சாட்சின்னா கூண்டில் ஏற வேண்டாமா? பேரு, ஊரு, சாதி சொல்ல வேண்டாமா? குறுக்கு விசாரணை? எதுவும் கிடையாது. நீதிபதி தனக்குள் கேட்டுக்கொள்கிறார். அது ஊரின் குரலாகிவிடுகிறது.

மச்சி சிங் தீர்ப்பிலேயே ஓர் இடம். பட்டியல் சாதியினர் ஒருவர் சொந்தக் காரணத்துக்காக அல்லாமல், சமூகக் கோபத்தைக் கிளப்பும் சூழலில் கொல்லப்பட்டால் அதுவும் தூக்குக்குரிய வகையில் சேரும் என்கிறது. முற்போக்காகத்தான் தெரியும். ஆனா யாரோட கோபம் சமூகக் கோபம்?

2006 செப்டம்பர் 29, மகாராஷ்டிரத்தில் பண்டாரா மாவட்டம், கயர்லாஞ்சி. ஒரு தலித் குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றார்கள். அதைக் கேட்டு வீதிக்கு வந்த தலித்துகளின் கோபம் போலீஸ் கணக்கில் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, தடியடி. 2010இல் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ஆறு பேரின் தூக்கை 25 வருடச் சிறையாகக் குறைத்தது. நடந்தது பழிவாங்கல், சாதி நோக்கம் இல்லை என்றது. அதாவது 'சொந்தக் காரணம்'.

தூக்கைக் குறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. யாருக்குமே தூக்கு கூடாது என்பதுதான் என் நிலை. என் கேள்வி தண்டனையின் அளவு பற்றியதல்ல, குற்றத்தின் பெயர் பற்றியது. கொலை என்று தண்டித்தார்கள், சாதிக்கொலை என்று எழுத மறுத்தார்கள். 1989ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் விசாரணை நீதிமன்றத்திலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது.